டிராமாட்டிக் ஐரனிக்கு ஓர் உதாரணம்

தையல் அக்காவின் வாயில் குண்டூசி இருக்கும்வரை யார் என்ன சொன்னாலும் பதில் வராது. அதனாலேயே தெருவில் பாதிப் பேர் அளவு கொடுக்கும் சாக்கில் அவளிடம் மனசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் தன் மனசைக் கொட்டியது ஒரே இடத்தில்தான்: மாடி வீட்டு டியூஷன் டீச்சரிடம். எந்தச் சர்க்கரை டப்பா யார் வீட்டுடையது என்பதே மறந்துபோகும் அளவுக்குச் சிநேகிதம்.

மறுநாள் ஆங்கிலப் பரீட்சை. பத்தாம் வகுப்பு மகள் கட்டிலில் சம்மணமிட்டு, டியூஷனில் நடந்த ரிவிஷனை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு பாவாடை விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"கட்டுரைன்னா முதல் வரியிலயே ஆளைப் பிடிச்சு உக்கார வைக்கணும். ஒரு கருத்து சொன்னா உடனே ஆதாரம் காட்டணும். ஹைப்பர்போலின்னா மிகைப்படுத்தல். 'தலைவலியில செத்தே போயிட்டேன்.'"

அக்கா ஊசிகளைக் கையில் துப்பினாள். "அது உங்க அத்தை." மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள்.

"டிராமாட்டிக் ஐரனின்னா, பாக்குறவங்க எல்லாருக்கும் விஷயம் தெரியும். கதையில வர்ற ஆளுக்கு மட்டும் தெரியாது. இதுக்கு டீச்சர் சூப்பரா ஒண்ணு சொன்னாங்கம்மா. ஒரு எலக்ட்ரீஷியன். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், 'ஒரு வீட்டுல ஃப்யூஸ் போயிடுச்சு'ன்னு கிளம்பிடுவாரு. பொண்டாட்டி, ஐயோ பாவம், அந்த வீட்டுக்காரங்க இருட்டுல பயந்துபோய் உக்காந்திருப்பாங்கன்னு அவர் பையில பிஸ்கட் பாக்கெட் வச்சு அனுப்புவா. அந்த வீட்டுக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷனே குடுக்கல!"

மகள் சிரித்தாள். "எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்துட்டு இன்னும் சிரிச்சாங்க. ஏன்னுதான் தெரியல."

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மாலை, மகள் மாடியில் படிக்கிற நேரமாகப் பார்த்து, எங்கோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். வாரம் தவறாமல் மாட்டிக்கொள்ள ஜனங்களுக்கு அப்படி என்ன வேண்டுதலோ என்று தெரு முழுக்கச் சிரித்து ஓய்ந்துவிட்டது. அக்காவின் காதுக்கும் மகளின் காதுக்கும் மட்டும் அது வந்து சேரவில்லை. மாட்டிக்கொண்டவர்களுக்கென்று அவள் அவர் பையில் பிஸ்கட் சொருகுவது அவருக்குத் தெரியும். ஒருநாள் பெருமையாகச் சொல்லப்போக, டீச்சருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் படியேறினாள்.

"வாடி, டீ போடவா?" என்றாள் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அவரு எந்தக் கட்டடத்துக்குப் போறாரு?"

சிவப்புப் பேனா நின்றது. "யாரு? எந்த..."

"கருத்து சொன்னா ஆதாரம் காட்டணும்னு நீதானே சொல்லித் தர்றே. காட்டு."

டீச்சர் மூடியைத் தேடிப் பேனாவை மூடினாள். "சலவைக் கடைக்குப் பின்னாடி இருக்கே, ரெண்டு மாடி வீடு. கீழ ஜெராக்ஸ் கடை. மேல அந்தக் கடைக்காரி மட்டும்தான். லிஃப்ட் கிடையாது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன மழைக்காலத்துலேர்ந்து. சொன்னா நீ தாங்கமாட்டேன்னுதான்டி..."

"பசங்க நல்லா தாங்கினாங்க போல?"

"பேரைச் சொல்லலையே! தொழிலைக்கூட மாத்தினேன்."

"பிஸ்கட்டை மாத்தலையே."

டீச்சர் விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு உண்மை வெளியே வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "அது இருந்தாதான் பசங்க மனசுல நிக்கும்னு தோணுச்சு."

புருஷன் வரட்டும், அது தனி வழக்கு. அக்காவுக்கு இப்போது பொறுக்காதது இதுதான். "இப்படி ஒண்ணு தெரிஞ்சிருந்தா, நான் இந்த நாற்காலியில வந்து உக்காந்துதான் அழுதிருப்பேன். இப்ப எங்க போய் அழறது, சொல்லு?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிவிட்டாள்.

கீழே மகள் விரலைப் புத்தகத்துக்குள் வைத்தபடி கேட்டாள்: "ஏன் சிரிச்சாங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டியாம்மா?"

விடிந்தால் பரீட்சை. முடியட்டும், அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பாவம், இப்போது தாங்கமாட்டாள். இந்தக் கடைசி வார்த்தை நாக்கு நுனிக்கு வந்ததும் அக்காவுக்குக் கசந்தது. பரீட்சை ஹாலுக்கு வெளியே அதே கூட்டம் நிற்கும். அதே சிரிப்பைச் சிரிக்கும்.

"புத்தகத்தை மூடு. இப்படித் தள்ளி உக்காரு."

"என்னம்மா?"

"அந்த எலக்ட்ரீஷியன், எலக்ட்ரீஷியன் இல்லடி."

மகள் சிரிக்கத் தொடங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.