நாட்டு மருந்து

அப்படியென்றால் அந்தச் சிரிப்புகூடத் தன்னுடையது இல்லையா... ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஆட்டோவில் காவேரி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குடல் அடைபட்டு, வயிற்றை நெடுக்கக் கிழித்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியபின் இருமினாலே உயிர் போனது, எந்த மாத்திரைக்கும் வலி மசியவில்லை, அப்போதுதான் குமாரவேல் ஒரு கருப்பு உருண்டையை நீட்டினான், லேகியம்மா, நாட்டு மருந்து, கண்ண மூடிக்கினு முழுங்கு என்றான், கட்டின புருஷன் கொடுப்பதை யார் முகர்ந்து பார்ப்பார்கள்? கொஞ்ச நேரத்தில் வலி பக்கத்து வீட்டுக்காரி வலிபோல ஆகிவிட்டது, எதற்கென்றே தெரியாமல் சிரித்தாள், உங்கள விட்டுட்டு முசரவாக்கத்துக்கே, எங்கம்மா வீட்டுக்கே போயிடலாம்னு ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன் தெரியுமா என்று யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள், இப்ப எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன் என்றாள், அவன் அவள் தலையை வருடினான்... எது பேசவைக்கிறது என்று தெரிந்துகொண்டே வருடினான்.

படபடப்பு ஏன், தலைசுற்றல் ஏன் என்று இன்று டாக்டரம்மா துருவியபோது அவரைத் தனியாக அழைத்துப் போனான், நடுவில் துணித் திரைதானே, காதை மறைக்குமா? “கஞ்சாதான் மேடம், கொஞ்சூண்டு கலந்தேன். துடிச்சிக்கினு இருந்தா, பாக்க முடியல.” “அறிவிருக்குதா உங்களுக்கு? நாங்க குடுக்கற மாத்திரையோட அது சேர்ந்தா என்னாகும்? அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

வேகத்தடை வந்தது, சட்டென்று அவன் உள்ளங்கை அவள் வயிற்றைத் தாங்கியது, அந்தக் கை இதமாக இருந்தது, அதுதான் ஆத்திரமாக வந்தது... கோவமாம்மா என்று கேட்டான், அவள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உருண்டை கொடுத்த அன்றைக்கு விடாமல் மழை, அவன் வாசல்படி தாண்டவில்லை, வீட்டுக்கும் யாரும் வரவில்லை, அப்படியானால் கஞ்சா வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, எத்தனை காலமாக? மகள் பிறந்தபோது இனிமேல் கஞ்சாவைத் தொடமாட்டேன் என்று சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தானே, அதற்கப்புறம் அவன் கண் சிவந்திருந்தபோதெல்லாம் பாவம், ராத்திரியெல்லாம் தறியில் உட்கார்ந்தவன் என்று அவளாகவே காரணம் தேடிக் கொடுத்தாளே, ஊர் கேட்டபோதும் அதையே சொன்னாளே, தன்னைப் பைத்தியக்காரி ஆக்கியது இந்த உருண்டையா, அதற்கு முன்னாலேயே ஆகிவிட்டிருந்தாளா...

பிள்ளையார்பாளையத்துத் திருப்பத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது, தையல் மொத்தமும் பிரிந்ததுபோல வலி அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சை அடைத்தது, பல்லைக் கடித்தாள், மாத்திரைக்கு இன்னும் நேரம் ஆகவில்லை.

“எங்க வெச்சிருக்கீங்க அத?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “வீட்டுக்குப் போனதும் தூக்கிப் போட்டுடறேம்மா. சத்தியமா.”

“போடறது இருக்கட்டும். எங்க இருக்குது, அதச் சொல்லுங்க.”

கேட்டபின்தான் யோசித்தாள், கண்டுபிடித்து எறியவா கேட்கிறேன், இல்லை... வலி இன்னொரு முறை சுருட்டிப் பிடித்தது, அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.