மாப்பிள்ளை உட்காரவில்லை

என் தம்பி கோபிநாத் மலை ஏறுகிற சைக்கிள் வாங்கி வந்தபோது, அரிமளத்தில் மலையே கிடையாது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். எங்கள் ஊரில் ஏறுவதற்கு இருப்பது ஊரணிக் கரையும், பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டிருக்கிற வேகத்தடையும்தான். ஒனக்கு இதெல்லாம் புரியாதுக்கா என்றான். சார் பாலிடெக்னிக்கில் வாத்தியார். அழுத்தம் என்றால் என்ன, பரப்பு கூடினால் அழுத்தம் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு விளக்குகிறவன். விளக்கட்டும், சம்பளம் வருகிறது.

அவனுக்கு முப்பத்துநாலு வயசு. அம்மா போனதிலிருந்து பெண் பார்க்கிற வேலை என் தலையில். ஒரு பெண்ணுக்கு உயரம் போதாது, ஒரு பெண்ணின் அப்பா அதிகம் பேசுகிறார், இன்னொரு வீட்டுக்குப் போகிற ரோடு சரியில்லை. இப்படியே தட்டிக் கழித்து, கடைசியில் தரகர் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டில் ஹரிணியைப் பார்த்தேன். ஆவுடையார்கோவில் பெண், மணமேல்குடிப் பக்கம் வி.ஏ.ஓ. வேலை. அம்மா இல்லை, அத்தை பிச்சையம்மாள்தான் வளர்த்தது. பந்தியில் அந்த அத்தைக்கு இலையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இவள் வந்தால் என் தம்பி மனுஷனாகிவிடுவான் என்று நினைத்தேன். எனக்கும் ஆசை இருக்காதா?

ஜாதகம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியாயிற்று. எங்கள் வீட்டுத் துரைக்கு அப்போது கவலையெல்லாம் சைக்கிள் சீட்டைப் பற்றித்தான்.

புதுக்கோட்டையில் ஒரு சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்திருந்தான். எல்லோரும் சேர்ந்து கொல்லிமலை ஏறப்போகிறார்களாம். சைக்கிளோடு வந்த சீட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலிக்கிறது என்று, முதலில் மெத்தை மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினான். அது கோவில் யானையே உட்காரலாம் போல அகலம். தொடை உராய்ந்து புண்ணானதுதான் மிச்சம். அந்தக் கூட்டத்துத் தலைவர் ஜஸ்டின் என்பவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது நல்ல புத்திதான் சொன்னார். சீட் என்பது செருப்பு மாதிரி, மெத்தென்று இருப்பதோ விலையோ முக்கியமில்லை, உட்காரும் எலும்பு இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்துதான் வாங்க வேண்டும் என்றார். இவன் தலையை ஆட்டினான். அவர் போனதும், வாசலில் நின்ற அவர் சைக்கிளின் சீட்டைப் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தான்.

புடவை எடுக்க நான் திருச்சிக்குப் போனபோது அவனும் வந்தான். சைக்கிள் கடையில் அளவு எடுப்பதற்கென்றே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து எழுந்தால் மேலே இருக்கிற பஞ்சில் இரண்டு பள்ளம் விழும், அந்த இடைவெளிதான் அளவு. கடைக்காரர் உக்காருங்க சார் என்றார். கடையில் வேறு யாரோ இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் தன் பின்பக்கத்தை அளப்பதா? என் அளவு எனக்குத் தெரியும், முப்பத்தாறு என்றான். அது பேன்ட் அளவு சார் என்றார் கடைக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. உடனே இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டோவைக் காட்டி ஜஸ்டின் வைத்திருக்கிற அதே சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டான். ஜஸ்டின் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். இவனோ நான் வடித்துக் கொட்டிய சோற்றில் வளர்ந்தவன். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன், அரிவாள்மனையே தேவலை. அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற கிறுக்கன் ஊரில் உண்டா? உண்டு, என் வீட்டிலேயே உண்டு.

சனிக்கிழமை நார்த்தாமலை வரை ஒத்திகை என்று கிளம்பினான். நாளைக்குப் பெண் பார்க்கப் போகணும், இன்றைக்கு எதற்குடா என்று கெஞ்சினேன். சீட் பழகணும் என்று போய்விட்டான். பொழுது சாயத் திரும்பியவன் படியை நண்டு மாதிரி ஏறினான். கேட்டால் தொடை கொஞ்சம் பிடித்திருக்கிறது என்றான். அடுப்படியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் காணவில்லை. காலையில் குப்புறப் படுத்தபடியே இட்லி தின்றான்.

"அவுங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன்டா. சைக்கிள் ஓட்டிப் புண்ணாயிருச்சு, அடுத்த வாரம் வாரோம்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றேன்.

"கொல்லிமலை ஏறப்போறவன் உக்கார முடியலைன்னு சொல்றதா? மானம் போயிரும்க்கா" என்றான்.

என் வீட்டுக்காரர் சோலையப்பன் கார் ஓட்டினார். துரை பின்சீட்டில் முட்டிபோட்டு, சாய்மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்தபடியே ஆவுடையார்கோவில் வந்து சேர்ந்தான். பஸ் டிரைவர் இரண்டு தடவை ஆரன் அடித்து என்னவென்று கேட்டார்.

பெண்ணின் அப்பா ஆத்மநாதன் வாசலுக்கே வந்து கும்பிட்டு அழைத்துப்போனார். கூடத்தில் தேக்கு நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். உக்காருங்க மாப்பிள்ளை என்றார். பரவாயில்லைங்க, நிக்கிறேன் என்றான் இவன். மாப்பிள்ளை நிற்கும்போது பெண்வீட்டார் உட்காரலாமா? ஆத்மநாதன் நின்றார். அவர் நிற்கவே பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். கூடம் நிறைய ஆட்கள் கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றோம்.

பிச்சையம்மாள் அத்தைக்கு முட்டி வலி. இரண்டு முட்டியிலும் போட்டிருந்த பட்டை புடவைக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது. அவரும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உக்காருங்கம்மா என்று நான் சொன்னதற்கு, மாப்பிள்ளையே நிக்கிறாரே, எனக்கென்ன என்று சிரித்தார். அவர் கால் நடுங்கியது. என் தம்பி அவருக்கு நேர் எதிரேதான் நின்றான்.

நின்றவன் வாயையாவது மூடிக்கொண்டு நின்றானா? உட்காருவது உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். வெளிநாட்டில் எல்லாம் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறார்களாம், உட்காருவதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றாம். ஆத்மநாதன் பாவம், ஆமாங்க ஆமாங்க என்றார். ஒரு மாமன் என்னை ஓரமாக அழைத்து, மாப்பிள்ளைக்கு மூலமா, நல்ல நாட்டு மருந்து இருக்கு என்று காதில் சொன்னார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு அறை அறையலாம் என்றும் வந்தது.

ஹரிணி காப்பி கொண்டுவந்தாள். எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். காப்பித் தட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அத்தையைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். பிறகு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

என்ன விஷயம் என்று நேராகவே கேட்டாள். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சீட், நார்த்தாமலை, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முடிந்தது ஆபத்து, இந்தப் பெண் தங்கம் என்று நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள். "அக்கா, வந்ததும் இதைச் சொல்லியிருந்தா ஒரு தலையாணி போட்டு உக்கார வச்சிருப்பேன். எங்க அத்தை கால் நடுங்க எதிர்லயே நின்னாங்க, அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தாரு. எனக்கு வேண்டாம்க்கா. தப்பா நெனைச்சுக்காதீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போயிட்டு வாரேன்மா என்றேன்.

திரும்பி வரும்போதும் அவன் முட்டிபோட்டுத்தான் வந்தான். ஊர் எல்லை தாண்டியதும், என்னக்கா சொன்னாங்க என்றான். வேண்டாம்னுட்டா என்றேன். சீட் விஷயத்தைச் சொல்லிட்டியா என்று கேட்டான். சொன்னேன் என்றதும் அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. பெண் போனதில் ஒரு பொட்டு வருத்தம் இல்லை. கேட்கிறவர்களிடம் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிடும்படி எனக்கு உத்தரவு வேறு.

நான் திரும்பி உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "ஜாதகம் சேந்துச்சுடா. உன்னால அவ அத்தை முட்டி வலியோட அவ்வளவு நேரம் நின்னாங்கள்ல, அதுக்குத்தான் வேண்டாம்னா."

"எந்த அத்தை?" என்று கேட்டான்.