இரண்டு அண்ணைமாரும் ஒரு ஹோர்னும்

எண்பத்தைந்தில் நான் கலியாணம் முடித்து டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற ஊருக்கு வந்த நாளிலிருந்து என் மனுசன் ஹோர்ன் என்ற பித்தளைக் குழலில் ஊதியது ஒரே ஒரு எழுத்து. பா. கதவு யன்னல் எல்லாம் சாத்திவிட்டு, குசினிக்குள் நின்று பா, பா என்று ஊதுவார். தொலைந்த ஆட்டைக் கூப்பிடுகிறீர்களா என்று முதல் கிழமையே கேட்டுவிட்டேன்.

ஹோர்ன்காரருக்கு அதுதான் வேலையாம். யாழ்ப்பாணத்தில் இவருடைய கல்லூரி பாண்டில் பெரிய மேளம் டும் என்றதும் இவர் பா என்பார்; பாட்டை, கோர்னெட் என்ற சிறிய எக்காளம் ஊதுகிறவர்கள் வாசித்துக்கொண்டு போவார்கள். அகதியாக வந்த இடத்தில் அந்த மேளக்காரர் வைலேயில் அகப்பட்டார், கோர்னெட்காரர்கள் கோப்பன்ஹேகன் பக்கம் ஹ்விடோவ்ரேயில். பழைய பாண்ட்காரர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அதற்கு மூன்று கிளை. ஹ்விடோவ்ரேயில் ஐந்து பேர், வைலேயில் நான்கு பேர். கிரின்ஸ்டெட் கிளைக்குத் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் என் மனுசன் இன்னாசித்தம்பிதான்.

மூன்று கிளையும் ஒருநாள்கூடச் சேர்ந்து வாசித்ததில்லை. காரணம் ஒரு சொல். ஹ்விடோவ்ரே கோர்னெட்காரர் மரியரட்ணம், வைலே மேளக்காரர் குருசுமுத்துவுக்கு எழுதிய கடிதத்தை 'அன்புத் தம்பி' என்று தொடங்கிவிட்டார். வயதில் தம்பிதான், இரண்டு வயது இளமை. ஆனால் அந்த பாண்டில் ஒரு முறை இருந்தது: யார் முதலில் சேர்ந்தாரோ அவர்தான் அண்ணை. குருசுமுத்து ஒரு வருடம் முந்திச் சேர்ந்தவர். கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். ஒன்பது மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நாடு விட்டு நாடு வந்தும் கொழுப்பு மட்டும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ஹோர்னைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். விற்கப்போவதாகச் சொல்லி, கடையின் அறிவித்தல் பலகையில் குத்துவதற்கு ஒரு துண்டும் எழுதினார். ஏன் என்று கேட்டேன்.

"ஒன்பது மாசமா என்னை ஆர் தேடினவை? நான் இல்லாட்டியும் பாட்டு பாட்டுத்தானே, செலின்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன். மெல்லச் சொன்னார். தொழிற்சாலையில் நாள் முழுக்க இவரோடு ஒருவரும் கதைப்பதில்லை. இந்த ஒரு சத்தமும் நின்றுபோனால் இந்த மனுசனுக்கு என்ன மிஞ்சும்?

மரியரட்ணத்துக்கு போன் எடுத்தேன். அண்ணை என்று ஒரு வரி எழுதுங்கோ என்றேன். தனக்குத் தலை நரைத்துவிட்டது, அந்தப் பொடியனை எப்படி அண்ணை என்பது என்றார். குருசுமுத்துவுக்கு எடுத்தேன். மரியரட்ணம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் மற்றப் பேச்சு என்றார் அவர். விட்டால் இருவரும் பாப்பரசரிடமே வழக்குக்குப் போவார்கள்.

போய் கார்பன் தாள் வாங்கிவந்தேன். 'அன்புள்ள அண்ணைக்கு, உங்கள் ஹோர்ன்காரர் ஹோர்னை விற்கப்போகிறார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வைலே கோவில் மண்டபத்தில் ஒருதரம் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு உங்கள் விருப்பம். தங்கை மேரிசெலின்.' இரண்டு பேருக்கும் இதே கடிதம்தான். மேல் தாள் யாருக்கு என்று அதற்கும் ஒரு சண்டை வரும் அல்லவா? மேல் தாளை நானே வைத்துக்கொண்டு நகல்கள் இரண்டையும் அனுப்பினேன். எது முதல் நகல், எது இரண்டாவது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

வந்தார்கள். ஹ்விடோவ்ரேக்காரர், ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடல் கடக்கும் அந்தப் பயணத்துக்கு விடியவே புறப்பட்டிருக்கிறார்கள். இரண்டு அண்ணைமாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. விற்பதற்கு முன் ஒருதரம் என்றுதான் இவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

குருசுமுத்து மேளத்தை அடிக்க, பாட்டு எழும்பியது. ஐயோ, அதுதான் பாட்டா! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நிமிடமே பயம் பிடித்தது. இவருடைய சத்தத்தைத் தேடுகிறேன், கேட்கவில்லை. கன்னம் உப்புவது தெரிகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. இவர் சொன்னதுதான் உண்மையோ, நானே கூட்டிக்கொண்டுவந்து அதை நிரூபித்துவிட்டேனோ?

நடுவில் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. உதடு நடுங்க, ஹோர்னை இறக்கினார்.

பாட்டு நொண்டியது. மேளம் விழுகிறது, அதற்குப் பிறகு இவருடைய பா இருந்த இடத்தில் ஒரு குழி. கோர்னெட்டுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடி, முட்டுப்பட்டு நின்றன. குருசுமுத்து தடியை உயர்த்தியபடியே இவரைப் பார்த்தார். மரியரட்ணமும் திரும்பினார்.

"நீ நிப்பாட்டினா நாங்கள் எங்கையடா காலை வைக்கிறது?" என்றார் மரியரட்ணம். பிறகு, ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, மேளக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணை, நான் சொல்லுறது சரிதானே?"

"ஓம்," என்றார் குருசுமுத்து. "இன்னாசி வரட்டும். அவன் இல்லாமல் துடங்கேலாது."

மண்டபத்தில் அத்தனை பேர் முன்னாலும் நான் வெட்கமில்லாமல் அழுதேன். இவர் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரை விட்டு நடுவுக்கு வந்து நின்றார்.