மோட்டார் ஆறும் வரை

அதிகாரி வாசல்படியில் கால் வைத்தார். அதே விநாடியில் உள்ளே கம்ப்ரெஸர் நின்றது.

அக்காவுக்குச் சில்லென்றது. பதினாறு வருடமாக ஐஸ் ஆலை நடத்துகிறவள். குளிரெல்லாம் பழகிப்போன உடம்பு. இது வேறு குளிர்.

"டேய்! ஏன்டா நிறுத்தின?"

தம்பி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கையைத் துடைத்தபடி வந்தான். நாற்பது வயது. மீசையில்கூட கிரீஸ்.

"சார் பேசணும்ல? அந்தச் சத்தத்துல என்னக்கா காதுல விழும்?"

மீன் வியாபாரி வந்தாலும் சரி, தபால்காரர் வந்தாலும் சரி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் "வாங்க" என்பான். அவனுக்குத் தெரிந்த உபசாரம் அது ஒன்றுதான்.

இன்று வந்திருப்பவரோ மின்கட்டண உதவித் திட்டத்தின் அதிகாரி. கட்டணம் இரண்டு மடங்கானதிலிருந்து மூச்சுத் திணறும் சிறுதொழில்களுக்கு, ஆறு மாதம் பாதி பில்லை அரசாங்கமே கட்டும். ஒரே நிபந்தனை. இயந்திரம் ஓடும்போது மீட்டரை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இன்றே கடைசி நாள். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஆலைக்குப் பூட்டு.

"ஓட விடுங்கம்மா, பாத்துட்டுக் கிளம்பறேன்."

"இருபது நிமிஷம் ஆகும் சார்," என்றாள் அக்கா. " பழைய மோட்டார். ஆறாம போட்டா புகைஞ்சிடும்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்தான் என்னால முடியும். அப்புறம் 'ஓடவில்லை'ன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"உன் மரியாதைய கொண்டுபோய்க் குப்பையில கொட்டு," என்று தம்பியிடம் பல்லுக்குள் சொன்னாள் அக்கா. அதிகாரியிடம் திரும்பும்போது குரல் வெண்ணெயாகியிருந்தது. "சார், அதுவரைக்கும் ஐஸ் எப்படி உறையுதுன்னு பாருங்களேன்."

தொட்டியை மூடியிருந்த பலகைகளில் ஒன்றைத் தூக்கினாள்.

வெண்புகை எழுந்து அதிகாரியின் மூக்குக் கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டு குனிந்தார். உப்புத் தண்ணீரில் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஐஸ் வளர்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு நீர்த்தூண், மெழுகுவத்தி பருமனில், நடுங்கிக்கொண்டிருந்தது.

"நடுவுல இன்னும் தண்ணி..."

"அதுதான் சார் கடைசியா உறையும்."

இருவரும் ஏனோ கிசுகிசுத்தார்கள். கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில், டப்பாவின் அடிவரை போய் நீலமாகிக் கிடந்தது. ஒரு குமிழி கிளம்பியது. மெல்ல, மெல்ல மேலே வந்தது. பாதி வழியில் ஐஸ் சுவரில் ஒட்டி, அங்கேயே தங்கிவிட்டது. அடுத்தது கிளம்பியது.

"இதுவும் மாட்டிக்குமா?"

"பாருங்க."

அதிகாரி பலகைமேல் உட்கார்ந்தே விட்டார். "காலையிலேருந்து பதினோரு இடம். இப்பத்தான்மா உக்கார்றேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல். புகை அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டது. மேகத்தின்மேல் யாரோ ஃபைலோடு உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கடிகாரத்தின் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. அவர் துடைக்கவில்லை. குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சில தப்பின. சில தங்கின. அக்கா மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டாள்.

தம்பி மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தான். கட்டைவிரலை உயர்த்தினான். சுவிட்ச்!

ஆலை கர்ஜித்தது. புகை சிதறியது. அதிகாரி தூக்கத்திலிருந்து விழித்தவர் போல எழுந்து மீட்டரிடம் போனார். சக்கரம் பம்பரமாகச் சுழன்றது. பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"நிபந்தனைகளைப் படிச்சுக் காட்டணும்! அதைக் கொஞ்சம் நிறுத்துங்க!" என்று கத்தினார்.

தம்பியின் கை சுவிட்சுக்குப் போனது.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!" அக்கா பாய்ந்து குறுக்கே நின்றாள். "கத்தியே படிங்க சார்!"

அதிகாரி கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "ஆறு மாசம்! பாதி பில்லு! அரசு கட்டும்!"

முதல் தடவையே தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அக்கா காதருகே கையைக் குவித்துக்கொண்டாள்.

"கேக்கல சார்! இன்னொரு தடவ சொல்லுங்க!"