தொண்ணூற்றிரண்டு சதவீதப் பயந்தாங்கொள்ளி

1

2008 ஐப்பசியில், இராமேஸ்வரத்தில் அப்துல் அஜீஸின் பிரவுசிங் சென்டருக்கு ரயில் டிக்கெட் எடுக்கப் போனேன். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட். கதை உடனே கிடைத்தது.

2

‘அலைகள் கரையை வந்து—’

(இந்த வரியை அடித்துவிட்டேன். லூர்து மேரி கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.)

புள்ளியியல் படித்தவள். காலையில் துறைமுகத்தில் மீன்வரத்தைக் குறித்துக் கொடுக்கும் வேலை. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மூன்றாவது கேபினில் ஆன்லைன் போக்கர். எதிராளி எத்தனை முறை துணிகிறான், எத்தனை முறை பயந்து சீட்டை மடித்துப் பந்தயத்தை விட்டுக்கொடுக்கிறான் என்று சதவீதம் போட்டு ஆடுவாள். ஏழு மாதத்தில் பதினோராயிரம் சேர்ந்தது. இன்னும் நாலாயிரம் சேர்ந்தால் வீட்டுக்கே பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிடலாம். கேபினை எட்டிப் பார்க்கும் தலைகளிடமிருந்து விடுதலை.

‘சாயல்குடி கிங்’ என்றொருவன். பெரிய பந்தயம் வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை மடித்துவிடுவான்.

3

“கையில என்னம்மா இருக்கு?” என்றார் அஜீஸ்.

“ரெண்டும் ஏழும். இதவிட மட்டமான சீட்டு கெடையாதுண்ணே.”

“பெறகு ஏன் மொத்தத்தையும் வைக்கிற?”

“அவன் பயந்தாங்கொள்ளி. மடிச்சிருவான், பாருங்க.”

(படித்த பெண் இப்படிச் செய்வாளா? எனக்கும் சந்தேகம்தான். “நீங்க அந்த நாக்காலில உக்காந்து பாருங்க சார்” என்றார் அஜீஸ்.)

கிங் மடிக்கவில்லை. அவன் கையில் இரண்டு ஏஸ், இருப்பதிலேயே பெரிய சீட்டு. பதினோராயிரமும் போயிற்று.

‘எப்பவும் மடிப்பீகளே?’ என்று திரையில் அவனுக்குத் தட்டினாள்.

‘நான் எங்கங்க மடிச்சேன்? ரெண்டு மணிக்கு இங்கன கரண்டு போயிரும். ஆளு இல்லேன்னு சைட்டே மடிச்சிரும். நேத்துத்தான் ஜெனரேட்டர் வாங்குனோம்.’

ஏழு மாதமாக அவள் தசமப் புள்ளி வரை அளந்துவைத்திருந்தது சாயல்குடியின் மின்வெட்டை.

எழுந்து கேபின் வாடகை இருபது ரூபாயை நீட்டினாள்.

“இன்னிக்கு வேணாம்மா.”

“வாங்கிக்கங்கண்ணே. இல்லேன்னா அழுதுருவேன்.”

வாங்கிக்கொண்டார்.

4

முடிவு அ: ஆட்டத்தை விட்டுத் திருந்தினாள். (பத்திரிகைக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: கிங்கையே கட்டிக்கொண்டாள், மாப்பிள்ளை ஜெனரேட்டரோடு வந்தார். (வாசகருக்குப் பிடிக்கும்.)

முடிவு இ: கடலோரம் தனியாக நடந்த அவள்— (எனக்கே பிடிக்கவில்லை.)

மூன்றையும் அவளிடமே வாசித்துக் காட்டினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“ஒரே ஒரு ஆட்டத்த வச்சா முடிவு எழுதுறீக? சாம்பிள் பத்தாது சார்.”

“எத்தனை வேணும்?”

“கொறஞ்சது பத்தாயிரம்.”

என்னிடம் இருப்பது ஒன்று. மீதி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.