திருட்டுக்குஞ்சின் குரல்

அக்கரப்பத்தனையில் பறவை வழிகாட்டிகளுக்கு நடந்த மாலை வகுப்பில், ஞாயிறன்று பறவை பார்க்க வரும் பயணிகளோடு போக ஒருவருக்குத்தான் இடம் என்று அன்ஸார் சேர் சொன்னதிலிருந்து ஜெயந்தினிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த இடம் தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். தோட்டத்துக் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால், கொய்யா மரத்தில் ஒரு தவிட்டுக்குருவிக் கூடு. காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்குமுன் தினமும் ஏறிப் பார்த்துக் கொப்பியில் தேதியோடு எழுதினாள். நீல முட்டை நான்கு. ஒன்று சற்றுப் பெரிது. பெரியதிலிருந்து வந்தது, அடுத்தவர் கூட்டில் கள்ளமாக முட்டையிடும் அக்காக்குயிலின் குஞ்சு. மறுநாள் மற்ற மூன்றும் கீழே உடைந்து கிடந்தன. சரியாகத்தான் பார்த்தோமா என்று மறுபடி ஏறிப் பார்த்த பிறகே எழுதினாள்.

அதே வகுப்புக்கு வரும் சர்மிளா ஒரு வரி எழுதியதில்லை. பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்தபடி குஞ்சு கத்துவதைக் காதால் கேட்டதோடு சரி. ஆனால் வகுப்பே மரத்தடிக்கு வந்த அன்று, உதட்டைக் குவித்துக் குஞ்சின் பசிக்குரல் எழுப்பினாள். இரண்டு தவிட்டுக்குருவிகள் புழுவோடு அவள் காலடியிலேயே வந்து இறங்கின. எல்லாரும் கை தட்டினார்கள்.

“அசல் தவிட்டுக்குருவிக் குஞ்சேதான்!” என்றார் சேர்.

ஜெயந்தினி முன்னால் வந்தாள். “இல்லைங்க சேர். அந்தக் கூட்டுல தவிட்டுக்குருவிக் குஞ்சே இல்லைங்க. இவ கத்துறது அக்காக்குயில் குஞ்சு மாதிரி. திருட்டுக்குஞ்சுக்கிட்ட படிச்சிருக்கா.”

“அடி ஆத்தி! அப்ப நானும் திருட்டுக்குஞ்சாடி?” சர்மிளா சிரித்தாள்.

சேரின் கண்கள் விரிந்தன. “அப்ப இன்னும் நல்லதாச்சே! குருவி வேத்து முட்டையப் பாத்து உஷாராகும். குயில் முட்ட நெறத்த மாத்தும், குஞ்சு குரல மாத்தும். தலைமுறை தலைமுறையா நடக்குற போட்டி இது. அந்தக் கள்ளக் குரல மனுசப் புள்ள போட்டே குருவி ஏமாந்திருச்சு! ஞாயித்துக்கிழம சர்மிளா போகட்டும். ஜெயந்தினி, ஒங்க கொப்பிய அவகிட்ட குடுங்க.”

“வீட்டுல இருக்குங்க சேர்,” என்றாள், தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி.

மறுநாள் விடியலில், ஆளில்லாத நேரம் பார்த்து ஜெயந்தினி மரத்தடியில் நின்று உதட்டைக் குவித்தாள். காற்றுத்தான் வந்தது. மூன்றாம் முறை ஏதோ ஒலித்தது. தவிட்டுக்குருவி கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்துவிட்டு, புழுவோடு கூட்டுக்குப் பறந்தது.

கொப்பியைத் திறந்து எழுதினாள்: ‘ஜெயந்தினி, மூன்று முறை. குருவி ஏமாறவில்லை.’

அதற்கு மேல் வரியில், நேற்றைய தேதிக்கு நேரே, சர்மிளாவின் குரலுக்குக் குருவிகள் ஏமாந்ததை எழுத அவளுக்குக் கை வரவில்லை.