அமெரிக்கப் பெரட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் ஆண்டு மழைக்காலத்தில், பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடைக்கு நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு அமெரிக்கா வந்து சேரும். அதைக் கொண்டுவருபவர் அச்சுக்கோப்பாளர் சுப்பையா. கனத்த ஆங்கிலச் சரித்திரப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லுவார். மாட்டுவண்டிக்காரர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களும் உண்ட கையோடு அமர்ந்து கேட்பார்கள்.

கண்ணால் காணாத தேசத்தை அவர்களுக்குக் காட்டச் சுப்பையா ஒரு வழி வைத்திருந்தார். அங்குள்ளதை எல்லாம் இங்குள்ளதாக மாற்றிவிடுவார். வர்ஜீனியாவின் புகையிலைக் காடு சுங்கை பாக்காப்பின் கரும்புத் தோட்டமாகும். ஒஹாயோ ஆறு பிறை ஆறாகும். அடிமைகளின் எஜமானன் துரையாகிவிடுவான். கேட்பவர்கள் தலையசைப்பார்கள். சுப்பையாவுக்கு அதைவிடப் பெரிய சம்பளம் வேண்டியதில்லை.

அவருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருந்தது. கடைக்கும் அடுக்களைக்கும் நடுவே தொங்கிய சாக்குத் திரைக்குப் பின்னால் மசாலா அரைத்துக்கொண்டிருந்த வள்ளியம்மா, சுங்கை பாக்காப் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓடிவந்தவள். மூன்று வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கணவனோடு கப்பலேறியவள். இரண்டாம் வருடம் அவனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆறு வயது மகள் நாகப்பட்டினத்தில் அக்காள் வீட்டில் இருந்தாள். வியாழக்கிழமைக் கப்பலில் வள்ளியம்மாவை அனுப்பிவிட மீரான் சீட்டு வாங்கி வைத்திருந்தார். அன்று செவ்வாய்.

ஒப்பந்தத்தை உடைத்து ஓடியவர்களுக்குச் சிறை உண்டு. ஓடிய நாட்களும் சிறையில் இருந்த நாட்களும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்க்கப்படும். இடம் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. ஆகையால் மீரான் எவரிடமும் வாய் திறக்கவில்லை. தெரிந்தவர்கள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணினார். நல்ல எண்ணந்தான்.

அன்று சுப்பையா புத்தகத்தை விரிக்கும் நேரத்தில், பழுப்புக் கோட்டும் பிரம்பும் குடையுமாக ஒருவன் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தான். பிரம்பைப் பார்த்ததுமே மீரானுக்கு ஆள் புரிந்துவிட்டது.

"ஒரு தேத்தண்ணி குடுங்க பாய். பேரு அர்ஜுனன், பாக்காப் பக்கம் கங்காணி. தோட்டத்துல ஆளு ஓடிப் போச்சு."

"மூஞ்சி எப்படி இருக்கும் கங்காணி?" என்றான் வண்டிக்காரன் சின்னையா.

"மூஞ்சி தெரிஞ்சா உங்கிட்ட ஏன்யா கேக்குறேன்? நான் அந்தத் தோட்டத்துக்கு வந்தே பதினஞ்சு நாளுதான். பழைய கங்காணி செத்துட்டான். பேரு மட்டும் எழுதிக் குடுத்திருக்காங்க. பேரைத்தான் சட்டை மாதிரி கழட்டிப் போட்டுடுறாங்களே!"

மீரான் சுப்பையாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, இன்னைக்குப் போதும்லா. தொண்டை கட்டியிருக்கு உங்களுக்கு."

"தொண்டைக்கு என்ன பாய்? வெண்கலம் மாதிரி இருக்கு."

"படிக்கட்டும் பாய்," என்றான் அர்ஜுனன். "நாலு ஊரு கதை நானும் தெரிஞ்சுக்கிறேன்."

புதிய ஆள் கேட்க அமர்ந்ததும் சுப்பையாவுக்கு உற்சாகம் பிறந்தது. முதலிலிருந்து சுருக்கிச் சொன்னார். கடல் தாண்டிக் குடியேறிய வெள்ளைக்காரர்கள், புகையிலை பயிரிடத் தங்கள் நாட்டு ஏழைகளையே சில வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். அவர்களுக்கு வருடக் கணக்கே கிடையாது. ஆயுள் முழுவதும் அடிமை, பெற்ற பிள்ளையும் அடிமை. காலப்போக்கில் வடக்கு மாகாணங்கள் அடிமை முறையைக் கைவிட்டன. தெற்கு விடவில்லை. ஓடியவர்கள் ஆற்றைத் தாண்டி வடக்கே போனார்கள்.

"கேளுங்க. ஒரு மான், புலிக்குப் பயந்து ஆத்தை நீந்தி அக்கரைக்குப் போச்சு. அக்கரையில முயலுங்க மட்டுந்தான், புலியே கிடையாது. மானு நிம்மதியாப் படுத்திச்சு. புலி என்ன பண்ணுச்சு? நீந்தலை. முயலுங்களுக்கு ஒரு சட்டம் எழுதி அனுப்பிச்சு. மானை ஒளிச்சு வச்சா உங்களுக்கும் தண்டனை. அன்னையிலேருந்து முயலுங்க மானை வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சுது. ஆயிரத்து எண்ணூத்து அம்பதுல அமெரிக்காவுல வந்த சட்டம் அதுதான். ஓடுனவனுக்கு உதவி செஞ்சா ஆறு மாசம் ஜெயிலு."

"புலி கெட்டிக்காரப் புலிலா," என்றான் சின்னையா.

அர்ஜுனன் சிரித்தான். மீரான் சிரிக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் அடிமைத் தோட்டம் ஒன்றின் விடியற்காலை வந்தது. கொம்பு ஊதியதும் குடிசைகளிலிருந்து எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். இதை எப்படிக் காட்டுவது? சுப்பையா எழுந்து நின்றார். தம் மைத்துனர் வேலை பார்த்த தோட்டத்தில் சில மாதங்கள் தங்கி, பெரட்டு என்னும் அந்த விடியற்காலை ஆள்கணக்கை அவர் நாள்தோறும் கேட்டிருக்கிறார். அடிவயிற்றிலிருந்து அதே இழுப்போடு குரல் கொடுத்தார்.

"ஆம்பிள ஆளூ...!"

கேட்டவர்கள் ரசித்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"பொம்பள ஆளூ...!"

"வந்தாச்சுங்க!"

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. தோட்டத்தில் அந்த அழைப்புக்கு உடனே குரல் கொடுக்காதவளுக்கு அரை நாள் பேர் வெட்டிக் கூலியைக் குறைப்பார்கள். இருட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு, அம்மிச் சத்தத்துக்கு நடுவே தானாகவே பதில் சொல்லிவிட்டது. அம்மியின் ஓசை அதோடு நின்றது.

"பாத்தீங்களா, அண்ணன் அமெரிக்காவையே கூப்பிட்டு வரவச்சிட்டாரு!" என்று சின்னையா தொடையைத் தட்டினான். அர்ஜுனன் குவளையைக் கீழே வைப்பதைக் கண்டு கையை எடுத்துக்கொண்டான்.

"உள்ள யாரு பாய்?"

"எங்க வீட்டு ஆளு."

"வீட்டு ஆளு பெரட்டுக்குப் பதில் சொல்லுமா?" அர்ஜுனன் வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரனைப் போலீசுக்கு அனுப்பிவிட்டு, பெஞ்சைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு அமர்ந்தான். "பின்னால வேற வழி இல்ல. பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். நீங்க ஏன் நிறுத்திட்டீங்க அண்ணே? படிங்க."

தாம் செய்தது இன்னதென்று சுப்பையாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. வேகமாகச் சில பக்கங்களைத் தள்ளினார். பாஸ்டன் நகரத்தில், பிடிபட்ட ஒருவனைக் கோர்ட்டில் நிறுத்தியிருந்தபோது, ஒரு கூட்டம் உள்ளே புகுந்து அதிகாரிகளின் கண்ணெதிரே அவனைத் தூக்கிச் சென்ற செய்தியைப் படித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிமிர்ந்து ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். மூட்டை தூக்கி உரமேறிய தோள்கள் பதினொரு ஜோடி அங்கே இருந்தன. அர்ஜுனன் ஒருவன்தான். தங்களிடம் கேட்கப்படுவது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரை விலகியது. மிளகாய் படிந்த கைகளோடு வள்ளியம்மா வெளியே வந்தாள்.

"பாய்க்கு ஒண்ணும் தெரியாது கங்காணி. புருசன் கப்பல்ல வேலை பாக்குறான்னு பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேந்தேன்."

மீரான் வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க பாய். வேலை குடுத்தீங்க, செஞ்சேன். அவ்வளவுதான்." பிறகு சுப்பையாவைப் பார்த்தாள். "அண்ணே, அந்த மனுசன் அப்புறம் புடிபட்டாரா?"

"இல்லம்மா. கானடான்னு வேற தேசத்துக்குப் போய்ச் சேந்துட்டாரு."

தெரிந்தவரைப் பற்றி நல்ல சேதி கேட்டவளைப் போல வள்ளியம்மா தலையசைத்தாள். போலீஸ்காரர்கள் வந்தபோது கைகளைக் கழுவிக்கொள்ள மட்டும் அவகாசம் கேட்டாள். மழையில் அவளை நடத்திக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை புறப்படவேண்டிய கப்பல் அதற்குள் துறைமுகத்துக்கு வந்து நின்றிருந்தது.

அர்ஜுனன் அவர்களோடு போகவில்லை. எஞ்சிய தேநீரைக் குடித்து முடித்தான்.

"நல்லாப் படிக்கிறீங்க அண்ணே. நாளைக்கும் வர்றேன். அந்தப் பெரட்டை இன்னொரு தரம் கூப்பிடணும். இன்னும் ரெண்டு ஆளு மிச்சம் இருக்கு. ஆம்பிள ஆளு."

சுப்பையா புத்தகத்தை மூடினார்.

பெஞ்சிலிருந்து இருவர் தேநீரைத் தொடாமலேயே எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாலையில் இறங்கி, ஒருவன் ஜெலுத்தோங் பக்கமும் மற்றவன் துறைமுகப் பக்கமும் நடந்தார்கள். மழை வலுத்திருந்தும் இருவரும் ஓடவில்லை. ஓடிவிடக் கூடாது என்று கால்களை அடக்கி அடக்கி வைத்தார்கள்.

அர்ஜுனன் குடையை விரித்தான்.